சட்டம் கொடுக்கும் இரவு

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரை ஊர்களில் ஒரு கூத்தின் முதல் வேலை சட்டம் கொடுத்தல். பெரும்போக வெள்ளாமை வெட்டி, நெல் வீடு வந்து, ஆட்களுக்குக் கொஞ்சம் ஓய்வும் கையில் கொஞ்சம் காசும் இருக்கிற காலத்தில் நல்ல நாள் பார்த்து ஊர் கூடும். யாருக்கு எந்தப் பாத்திரம் என்று கூத்துப் பழக்கும் ஆசானான அண்ணாவியார் தீர்மானிப்பார். அந்தப் பாத்திரத்தின் பாட்டும் வசனமும் எழுதிய தாளை ஆடப்போகிறவனின் கையில் கொடுப்பார். தாளக்கட்டுப் பழகுவது, சதங்கை அணிவது, கிழமைக் கூத்து, அடுக்குப் பார்த்தல், வட்டக்களரியில் விடிய விடிய அரங்கேற்றம் எல்லாம் அதற்குப் பிறகு. மாதக்கணக்கில் நீளும் உழைப்பு முழுவதும் அந்த ஓர் இரவில் ஒரு மனிதர் செய்த கணிப்பை நம்பித்தான் தொடங்கும். அருச்சுனன் சரிவராவிட்டால் கூத்தே சரிவராது. ஆகையால் அண்ணாவியார் அந்த இரவில் முகதாட்சணியம் பார்ப்பதில்லை.

பிள்ளைகளிடமும் பெரியவர்களிடமும் உள்ள மேதைமையை எப்படிக் கண்டுகொள்வது என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது அந்த இரவுதான். நான் வாழ்நாள் முழுதும் ஆரம்ப வகுப்புகளில் படிப்பித்தவள். ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி எடுத்திருக்கிறேன். உளவியல் புத்தகங்கள் வாசித்திருக்கிறேன். ஆனாலும் கண்டுகொள்ளும் வித்தையை நான் முதலில் பார்த்தது, 1960களின் நடுப்பகுதியில், பெற்றோல்மாக்ஸ் வெளிச்சத்தில், அப்பாவின் பக்கத்தில் பாயில் இருந்தபோது.

அப்பா ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆசிரியர். எழுத்தறிந்தவர் என்பதால் கூத்துக் கொப்பியைப் பார்த்துப் பாட்டு எடுத்துக்கொடுக்கும் வேலை அவருக்கு வந்தது. அந்த வருசம் பாரதக் கதையான பதினெட்டாம் போர், வடமோடிக் கூத்து. அண்ணாவியார் ஒவ்வொருவனாகக் கூப்பிட்டு ஒரு தரு பாடச் சொன்னார். "கொஞ்சம் எட்டு வச்சுக் காட்டு மனே" என்றார். குரல், உயரம், நெஞ்சகலம், நடை எல்லாம் பார்த்தார். வீமனுக்கு உரத்த குரலும் பருத்த உடலும் வேண்டும் என்பது எங்களுக்கும் தெரியும். அதில் அதிசயம் இல்லை. அதிசயம் இடையில் நடந்தது. ஒருவன் பாடிக்கொண்டிருக்கையில் அண்ணாவியாரின் மத்தளத்தில் ஓர் அடி தவறியது. கூட்டத்தில் எவருக்கும் அது தெரியவில்லை. பாடினவனும் பாடிக்கொண்டே போனான். ஓரத்தில், தன் முறைக்குக் காத்திருந்த ஒரு பொடியன் மட்டும் சட்டென்று நிமிர்ந்து அவருடைய கையைப் பார்த்தான்.

கிருஷ்ணனுக்கான சட்டம் அவனுக்குப் போயிற்று. பதினாலு பதினைந்து வயதிருக்கும். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு மாடு பார்த்துக்கொண்டிருந்தான். அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை.

"அண்ணாவியார், அவனை எனக்குத் தெரியும். ஒரே வகுப்பில ரெண்டு தரம் இருந்தவன். வாசிக்கவே மாட்டான். இவ்வளவு பாட்டையும் எப்பிடிப் பாடமாக்குவான்?"

"வாத்தியார், நான் வேணுமெண்டுதான் பிழையா அடிச்சன். இவ்வளவு பேர் இருந்தாங்க, இவன்தானே என்ட கையப் பாத்தான். வாசிக்கிறதுக்கு நீங்க இருக்கீங்க. வாசிச்சுக் காட்டுங்க, மறுகா பாருங்க."

அப்பா வாசித்துக் காட்டினார். இரண்டு தரம் கேட்டால் அவனுக்குப் போதும். கிழமைக் கூத்துத் தொடங்குவதற்கு முன்பே தன் பாட்டோடு துரியோதனன் பாட்டும் திரௌபதை பாட்டும் கட்டியகாரன் வசனமும் அவனுக்குப் பாடம். பாடம் மட்டுமா? இந்த இடத்தில் துரியோதனன் ஏன் இப்படிக் கேட்கிறான் என்று அப்பாவிடம் வந்து விசாரிப்பான். வகுப்பில் வாயே திறக்காதவன் கேட்கிறான். எழுத்து மட்டும் மனத்தில் தங்காமல் மற்ற எல்லாம் தங்குகிற பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதும், அதற்கு டிஸ்லெக்சியா என்று பெயர் இருக்கிறது என்பதும் நான் வளர்ந்த பிறகு படித்தவை. அவனுக்கு இருந்தது அதுதான் என்று பரிசோதிக்காமல் நான் சொல்லக்கூடாது. ஆனால் வாசிப்புத் தெரியாதவனுக்கு அறிவில்லை என்று எங்கள் ஊர் முடிவு கட்டியிருந்தது. மத்தளத்தில் வேண்டுமென்றே பிழைத்த ஓர் அடி அந்த முடிவைப் புரட்டிப்போட்டது. அப்பா அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையையும் "மக்கு" என்று சொல்லி நான் கேட்டதில்லை.

படிப்பிக்கத் தொடங்கிய பிறகு அந்த வழியை நான் வகுப்பறைக்குள் கொண்டுபோனேன். கரும்பலகையில் கணக்குச் செய்துகொண்டு போகையில் ஓர் இடத்தில் வேண்டுமென்றே பிழை விடுவேன். சில பிள்ளைகள் உடனே கை உயர்த்துவார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க ஆசிரியர் தேவையில்லை, அவர்களே தங்களைக் காட்டிக்கொடுப்பார்கள். நான் பார்த்தது மற்றவர்களை. கை உயர்த்தாமல், தன் கொப்பியில் மட்டும் சரியான விடையை எழுதிவிட்டு, என் மனம் நோகக்கூடாது என்று பேசாமல் இருக்கிற ஒரு பெண்பிள்ளை இருந்தாள். பிழையைக் கண்டதும் முகம் சுருங்கி, அடுத்த நான்கு வரியையும் பார்க்க முடியாமல் தவித்த ஒருவன் இருந்தான். இன்னொருவன் சிரித்தான். ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டதற்கு, "ரீச்சர், இப்பிடிப் பிழை விட்டாலும் சில கணக்குக்குச் சரியான விடை வரும்" என்றான். எந்தக் கணக்குக்கு வரும் என்று தேடி மறுநாள் ஒரு பக்கம் நிறைய எழுதிக்கொண்டு வந்தான். யாரும் கேட்காத ஒன்றுக்காக வீட்டில் ஓர் இரவைச் செலவழிக்கிற பிள்ளையைக் கண்டால் நான் அந்தப் பிள்ளையின் பெயரைத் தனியாகக் குறித்துவைப்பேன். புள்ளியைவிட அந்த இரவு எனக்குப் பெரிது.

புள்ளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். இலங்கையில் ஒரு பிள்ளை கெட்டிக்காரனா என்பதை ஊர் தெரிந்துகொள்வது தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சையில். இரண்டு வினாத்தாள், 200 புள்ளி, மாவட்டத்துக்கு ஒரு வெட்டுப்புள்ளி. இந்தப் பரீட்சையை நான் தூற்றமாட்டேன். சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா 1945இல் இலவசக் கல்வியைக் கொண்டுவந்ததும், நாட்டுப்புறங்களில் மத்திய பாடசாலைகள் எழுந்ததும், புலமைப்பரிசில் பெற்ற ஏழைப் பிள்ளைகள் அங்கே விடுதியில் தங்கிப் படித்ததும் இந்த வாவிக்கரைக்குக் கிடைத்த பெரும் வரம். வந்தாறுமூலையில் எழுந்த மத்திய பாடசாலையில் படித்தவர்தான் அமிர்தகழியில் 1943இல் பிறந்த சி. மௌனகுரு. மட்டக்களப்பின் மரபுவழி நாடகங்களை ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றவர் அவர்.

என் மனக்குறை வேறு இடத்தில் இருக்கிறது. அந்தப் பரீட்சை பத்து வயதில் ஒரு நாள் காலையில் ஒரே ஒரு தரம் பார்க்கிறது. பேனையால் எழுதத் தெரிந்ததை மட்டும் பார்க்கிறது. அதில் தேறியவர்களுக்குச் சந்திதோறும் பதாகை கட்டுகிறோம். தேறாத பிள்ளை அந்தப் பதாகையின் கீழே நடந்து பள்ளிக்கூடம் போகிறது. இரண்டாம் வகுப்பிலேயே ரியூஷனுக்கு அனுப்பி, மூன்று வருசம் மாதிரி வினாத்தாள் செய்வித்து வாங்கிய புள்ளியில், பிள்ளையின் இயல்பு எவ்வளவு, பழக்கம் எவ்வளவு என்று எவர் பிரித்துச் சொல்வார்?

பெரிய ஆய்வுகளே இதில் தடுக்கி விழுந்திருக்கின்றன. அமெரிக்க உளவியலாளர் லூயிஸ் டெர்மன் 1921இல் கலிபோர்னியாவில் மேதைப் பிள்ளைகளைத் தேடிப் பெரிய ஆய்வொன்றைத் தொடங்கினார். நுண்ணறிவுச் சோதனை வைத்து ஆயிரத்து ஐந்நூறு பிள்ளைகள் வரை தெரிவுசெய்து, ஆயுள் முழுக்கப் பின்தொடர்ந்தார்கள். சோதனையில் புள்ளி போதாமல் அந்தத் தெரிவுக்கு வெளியே நின்ற இரண்டு சிறுவர்கள் வில்லியம் ஷொக்லி, லூயிஸ் அல்வாரெஸ். ஷொக்லிக்கு 1956இலும் அல்வாரெஸுக்கு 1968இலும் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. இதைக் கலாசாலையில் படித்தபோது நான் அப்பாவுக்குக் கடிதம் எழுதினேன். அப்பா பதிலில் கும்பகோணத்து இராமானுஜனை நினைவூட்டியிருந்தார். கணிதம் தவிர எதிலும் மனம் போகாததால் கல்லூரிப் புலமைப்பரிசிலை இழந்து, பரீட்சைகளில் தோற்றுப்போனவர் அவர். அவருடைய குறிப்புப் புத்தகங்களைப் பார்த்து விளங்கிக்கொண்ட சிலர் சென்னையில் இருந்ததால்தான் 1913இல் அவர் எழுதிய கடிதம் கேம்பிரிட்ஜில் ஹார்டியின் மேசைக்குப் போய்ச் சேர்ந்தது.

எங்கள் பக்கத்திலேயே அதற்கு ஈடான ஒருவர் இருக்கிறார். காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம், பிற்காலத்தில் சுவாமி விபுலாநந்தர். ஊரில் தமிழும் வடமொழியும், கல்முனையில் ஆங்கிலம், பிறகு மட்டக்களப்பில் இயேசுசபைக் குருமாரின் அர்ச். மிக்கேல் கல்லூரி. பதினாறு வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் தேறினார். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர். 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. இன்றைக்கு அப்படி ஒரு பிள்ளை எங்கள் பாடசாலைக்கு வந்தால் விஞ்ஞானப் பிரிவா கலைப் பிரிவா என்று கேட்டு ஒரு பக்கத்தை வெட்டிவிடுவோம். அவர் இரண்டையும் விடவில்லை. பழந்தமிழ் யாழ்களைப் பற்றி நூல்களில் இருந்த குறிப்புகளை எடுத்து, சுருதிகளைக் கணிதத்தால் அளந்து, பல வருட உழைப்பில் யாழ் நூலை எழுதினார். 1947 யூன் மாதத்தில் அது அரங்கேறியது. அடுத்த மாதம், யூலை 19இல், அவர் மறைந்தார். ஒன்றோடொன்று சேராது என்று நாம் நினைக்கிற இரண்டு துறைகளை ஒரு பிள்ளை ஓயாமல் சேர்த்துப் பார்த்தால் அதைக் கவனக் குறைவு என்று எழுதிவிட வேண்டாம் என்று இளம் ஆசிரியர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இவரை நினைத்துத்தான்.

நான் படிப்பித்த பிள்ளைகளில் ஒருவனைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஆளை அடையாளம் காட்டாமல் சொல்கிறேன்.

கலியாணம் முடித்து எழுவான்கரைக்கு வந்த பிறகும் நான் படிப்பித்தது படுவான்கரையில். மண்முனைத்துறையில், பாதை என்று நாங்கள் சொல்லும் படகில் ஏறி வாவியைக் கடந்து போவோம். பாலம் 2014இல்தான் வந்தது. அவன் வாவியில் வலை போடும் ஒருவரின் மகன். 1980களின் கடைசி வருசங்களில் என்னுடைய ஐந்தாம் வகுப்பில் இருந்தான். கையெழுத்து மோசம். கிழமையில் இரண்டு நாள் வரமாட்டான். வந்தால் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பான். மற்ற ஆசிரியர்கள் அவனைச் சோம்பேறி என்றார்கள்.

அவன் கேட்ட ஒரு கேள்வியில்தான் நான் அவன் பக்கம் திரும்பினேன். "ரீச்சர், முகத்துவாரம் வெட்டினா வாவித் தண்ணி உப்பாகுதே, அந்த உப்பு மேலால வருதா, கீழால வருதா?" நான் உடனே விடை சொல்லவில்லை. நீ என்ன நினைக்கிறாய் என்றேன். ஒரு கிழமைக்குப் பிறகு வந்தான். போத்தல் ஒன்றின் கழுத்தில் கல்லைக் கட்டி, தக்கையால் அடைத்து, தக்கையில் தனியாக ஒரு நூல் கட்டியிருக்கிறான். தோணியில் இருந்து போத்தலை அடிவரை இறக்கி, நூலை இழுத்துத் தக்கையைப் பிடுங்கி, அடித் தண்ணீரை மேலே எடுத்திருக்கிறான். பிறகு மேல் தண்ணீரையும் அடித் தண்ணீரையும் நாக்கில் வைத்துப் பார்த்திருக்கிறான். "கீழால ரீச்சர். மேல நல்ல தண்ணி, அடியில கரிக்குது. ஆனா வாடைக்காத்து நல்லா அடிச்ச மறுநாள் ரெண்டும் ஒண்டுதான்." உப்புநீர் பாரமானது, அதனால் அடியால் நுழையும், காற்று கலக்கினால் வித்தியாசம் போய்விடும் என்பதைப் பத்து வயதுப் பிள்ளை புத்தகமில்லாமல் கண்டுபிடித்திருந்தான்.

இதில் எனக்குப் பெரிதாகப் பட்டது எது? விடை சரியாக இருந்தது நல்லதுதான். அதைவிட, விடை தேடுவதற்கு ஒரு கருவியைத் தானே செய்தான். அதையும்விட, தன் விடை பொருந்தாத ஒரு நாளைக் கண்டபோது அதை ஒளிக்காமல் கொண்டுவந்து சொன்னான். தான் கண்டுபிடித்ததற்கு எதிரான ஒன்றையும் விரும்பிப் பார்க்கிற மனம் பெரியவர்களிடமே அரிது. அவன் பள்ளிக்கு வராத நாட்கள் காற்று மாறுகிற நாட்கள் என்பதும் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

அவனுடைய அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள் பயந்துபோனாள். "அப்பிடிச் சொல்லாதீங்க ரீச்சர். அவன் ஒண்டும் தெரியாதவன்" என்றாள். சொல்லிக்கொண்டே வேலிக்கு வெளியே யாரும் கேட்டார்களா என்று பார்த்தாள். நாவூறு பட்டுவிடும் என்ற பயம். எங்கள் ஊர்களில் பிள்ளையின் திறமையைத் தாயே மறைப்பாள். அது பிள்ளைமேல் உள்ள அன்பு. வெளியூரில் இருந்து வரும் ஆசிரியர், பெற்றோரிடம் கேட்டு நிரப்பச் சொல்லும் படிவத்தை மட்டும் நம்பினால், இங்கே ஒரு கெட்டிக்காரப் பிள்ளையும் அகப்படாது. நான் அன்று முதல் தாய்மாரிடம் "பிள்ளை என்ன நல்லாச் செய்யும்?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "இவனால உங்களுக்கு என்ன கரைச்சல்?" என்று கேட்கத் தொடங்கினேன். அப்போது எல்லாம் வெளியே வரும். படுக்கவே மாட்டான், கேட்ட கேள்வியையே கேட்பான். ரேடியோவைக் கழற்றிப்போட்டுவிட்டான். சட்டையின் தையல் உடம்பில் பட்டால் அழுகிறாள். கோழிக்குஞ்சு செத்ததற்கு இரண்டு நாள் சாப்பிடவில்லை. தன் வயதுப் பிள்ளைகளோடு விளையாடாமல் கிழவர்களோடு போய்க் கதைக்கிறான். இவற்றில் ஒன்றிருந்தால் மேதை என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பலதும் சேர்ந்து, அதோடு ஒன்றை விடாமல் பிடிக்கிற பிடிவாதமும் இருந்தால், பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டிய பிள்ளை அது.

அவனுக்கு வெட்டுப்புள்ளி கிடைக்கவில்லை. 1990 ஆனியில் போர் மறுபடி மூண்டது. அந்தக் குடும்பம் இடம்பெயர்ந்து போயிற்று. கூத்துக் களரிகளும் அந்த வருசங்களில் இருண்டன. இரவில் வெளியே வரமுடியாத ஊரில் விடிய விடிய மத்தளம் எப்படிக் கேட்கும்? ஒரு தலைமுறைப் பிள்ளைகள் அண்ணாவியார் ஒருவரின் கண்ணில் படாமலே வளர்ந்தார்கள். பரீட்சைகள் மட்டும் எப்படியோ நடந்தன.

அவனை நான் மறுபடி கண்டபோது அவனுக்கு நாற்பது வயது கடந்திருந்தது. மோட்டார் திருத்துகிறான். அதற்கு முன்பு மேசன் வேலை, வெளிநாட்டில் சாரதி வேலை, இறால் பண்ணையில் வேலை. எதிலும் நெடுநாள் நிற்கவில்லை. தொழில் பிடிபடும்வரை உயிரைக் கொடுத்து வேலை செய்வானாம், பிடிபட்ட பிறகு அங்கே இருக்க முடியாதாம். சொந்தக்காரர் அவனை நிலையில்லாதவன் என்கிறார்கள். அவன் தன்னைச் சொன்னது அதைவிடக் கடுமையாக இருந்தது. "எனக்கு எல்லாம் அரைகுறை ரீச்சர்."

பிறகு மேசைக்குள் இருந்து கொப்பிகளை எடுத்துக் காட்டினான். வாவியின் தண்ணீர் மட்டம், முகத்துவாரம் வெட்டிய நாள், எந்தக் காற்றில் மணலை மீன் படுகிறது, எப்போது இறால் குறைகிறது என்று வருசக்கணக்கில் எழுதிவைத்திருக்கிறான். எழுத்து இன்னும் அதே கோழிக் கிறுக்கல்தான். இதை யாருக்காவது காட்டினாயா என்றேன். "இதில என்ன இருக்கு? வாவிக்குள்ள போற எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே" என்றான்.

வளர்ந்தவர்களிடம் மேதைமையைத் தேடுகிறவர்கள் இந்தப் பதிலைக் கவனிக்க வேண்டும். தனக்குத் தெரிவது எல்லாருக்கும் தெரிகிறது என்று நம்பிக்கொண்டே இவர்கள் வாழ்ந்துவிடுகிறார்கள். மற்றவர்கள் ஏன் செய்யவில்லை என்பது விளங்காமல் கோபப்படுகிறார்கள், பிறகு கோபப்பட்டதற்காகத் தங்களையே குறைசொல்கிறார்கள். சிறு வயதில் எவராவது ஒருவர், நீ பார்ப்பது எல்லாரும் பார்ப்பது அல்ல என்று அமைதியாகச் சொல்லியிருந்தால் பாதிச் சுமை குறைந்திருக்கும். நாற்பது வயதில் சொன்னாலும் குறைகிறது. அவனுடைய கொப்பிகளை ஒரு விரிவுரையாளரிடம் நான் கொண்டுபோய்க் காட்டியதும், அவர் அவனைத் தேடி வந்து தோணியில் ஏறியதும், அதற்குப் பிறகு அவன் நடையே மாறியதும் நான் கண்ணால் கண்டவை.

ஆண்பிள்ளைகளுக்காவது களரி இருந்தது. எங்கள் பெரியம்மாவுக்கு எது இருந்தது? கூத்தில் பெண் பாத்திரத்தையும் ஆண்கள்தான் ஆடினார்கள். பெண்களுக்குச் சட்டம் கொடுக்கிற வழக்கமே இல்லை. பெரியம்மா பன்பாய் இழைப்பாள். கண்ணை மூடிக்கொண்டு கோலத்தை நினைத்து, எந்த இடத்தில் எத்தனை சாய நார் வரவேண்டும் என்று முதல் வரிசையிலேயே முடிவு செய்துவிடுவாள். பாதியில் பிரித்ததை நான் பார்த்ததில்லை. ஒரு நார் நிறம் மாறி வந்தால் அன்று முழுக்க ஒருவரோடும் கதைக்கமாட்டாள். செத்த வீட்டில் ஒப்பாரி சொல்ல அவளைத்தான் கூப்பிடுவார்கள். இறந்தவர் எந்த வெள்ளத்தில் மாட்டை இழந்தார், எந்த மகளுக்குக் காணி எழுதினார் என்று அவருடைய சீவியம் முழுவதும் அதில் வரும். ஒரு வீட்டில் சொன்னது இன்னொரு வீட்டில் வராது. அவளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. ஊர் அவளுக்கு வைத்த பெயர் விசரி.

ஒரு நாள் மைம்மலில் அந்த அண்ணாவியார் எங்கள் வேலியோரம் வந்து நின்றார். "என்னகா தங்கச்சி, இந்தத் தரு ஓரிடத்தில தாளத்தோட இடிக்குது. ஒருக்காக் கேட்டுச் சொல்லன்" என்றார். பாடினார். பெரியம்மா நாரை விடாமல் கேட்டாள். ஒரு சொல்லை மாற்றி, ஒரு சொல்லை முன்னுக்குத் தள்ளிச் சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அந்த வருசக் கூத்தில் அந்த வரி அப்படித்தான் பாடப்பட்டது. நான் பாயில் இருந்து கேட்டேன். பெரியம்மா வீட்டில் இருந்தாள். ஊரில் அவளை அறிந்த ஒரே மனிதர் அவர். அறிந்ததை ஊருக்குச் சொல்லாமலே அவர் காலமாகிவிட்டார். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் நெஞ்சு கொதிக்கிறது. கண்டுகொள்வதோடு வேலை முடிவதில்லை. கண்டதைப் பலர் கேட்கச் சொல்லவும், கண்டுகொள்ளப்பட்டவருக்கு ஓர் இடம் பிடித்துக் கொடுக்கவும் வேண்டும்.

அப்படிச் செய்தவர்களும் இருந்தார்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படிப்பித்த சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கிராமங்களுக்கு வந்து களரியோரம் இருந்து கூத்துப் பார்த்தார். பார்த்ததோடு போகவில்லை. வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரைப் பல்கலைக்கழகத்துக்கு அழைத்துப்போய் மாணவர்களுக்குப் பழக்கவைத்தார். 1962இல் கர்ணன் போர் அப்படித்தான் மேடையேறியது. 1964இல் இராவணேசன் வந்தது. அதில் இராவணனாக ஆடிய மாணவன் மௌனகுரு. பட்டம் பெறாத ஒரு கிராமத்து ஆசானைப் பட்டம் கொடுக்கிற இடத்தில் ஆசானாகவே நிறுத்திய அந்தச் செயலை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். பிற்காலத்தில் கிழக்குப் பல்கலைக்கழகத்து மாணவிகள் களரியில் ஆடியதையும், சீலாமுனையில் சி. ஜெயசங்கர் ஊராரோடு சேர்ந்து முன்னெடுத்த கூத்து மீளுருவாக்கத்தில் பெண்களும் சிறுவர்களும் சேர்ந்ததையும் அறிந்தபோது பெரியம்மா இருந்திருக்க வேண்டும் என்று ஏங்கினேன்.

ஓய்வு பெற்ற பிறகும் பெற்றோர் என்னிடம் வருகிறார்கள். என் பிள்ளை மேதையா என்று சோதித்துச் சொல்லுங்கள் என்கிறார்கள். முந்திய தாய்மார் மறைத்தார்கள், இந்தத் தலைமுறை அவசரப்படுகிறது. நாலு வயதில் நாட்டின் பெயர்களைப் பாடமாக்கி ஒப்புவிக்கும் பிள்ளையைப் படம் பிடித்து எல்லாருக்கும் அனுப்புகிறார்கள். அந்தப் பிள்ளை ஒப்புவித்து முடித்ததும் யாருடைய முகத்தைப் பார்க்கிறது என்று நான் பார்ப்பேன். தாயின் முகத்தைப் பார்த்தால் அது பாராட்டுக்காகச் செய்கிறது. அதில் பிழையில்லை, ஆனால் அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லமாட்டேன். முடித்த பிறகும் படத்தையே பார்த்து, "இந்த நாட்டுக்கு ஏன் கடல் இல்லை?" என்று கேட்டால் அன்றைக்கே அந்த வீட்டுக்கு ஓர் உலக வரைபடம் வாங்கச் சொல்வேன். கெட்டிக்காரன் என்று ஓயாமல் சொல்ல வேண்டாம் என்றும் சொல்வேன். அந்தப் பெயரைக் காப்பாற்றுவதற்காகத் தெரியாத ஒன்றையும் தொட மறுக்கிற பிள்ளைகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் ஓர் ஆசிரியர் இவ்வளவும் எப்படிப் பார்ப்பது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. தனி ஒருவரால் முடியாது. ஊரில் கண் உள்ளவர்கள் இருக்கிறார்கள், அவர்களைப் பள்ளிக்கூடத்துக்குள் கூப்பிட வேண்டும். இதை ஓர் அதிபரிடம் போய்க் கேட்டேன். அவர் யோசித்துவிட்டு வெள்ளிக்கிழமைப் பின்னேரத்தில் ஒரு மணித்தியாலம் தந்திருக்கிறார். புள்ளியோ சான்றிதழோ பரிசோ கிடையாது. வலை பின்னுகிறவர், பாய் இழைக்கிறவர், மத்தளம் அடிக்கிறவர், நாட்டு மருந்து அரைக்கிறவர், மோட்டார் திருத்துகிறவர் என்று ஆளுக்கு ஒரு மரத்தடி. பிள்ளைகள் விரும்பிய மரத்தடியில் இருக்கலாம், பிடிக்காவிட்டால் எழும்பிப் போகலாம். அடுத்த வெள்ளி கூப்பிடாமலே அதே இடத்துக்குத் திரும்பி வருகிற பிள்ளைகளின் பெயர்களைக் குறிக்கும் கொப்பி மட்டும் என் கையில் இருக்கும். மத்தளக்காரர் முதலில் மறுத்தார். பிறகு, பெண்பிள்ளைகளும் வருவார்களா என்று கேட்டார். வருவார்கள் என்றேன். அப்படியென்றால் சல்லரி ஒரு சோடி கூடுதலாகக் கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.